முப்பத்தெட்டு கேட்டேன், நாற்பத்தாறு தைத்தாய்

மார்ச் 4

அக்கா,

பார்சல் சனிக்கிழமை வந்தது. பிரித்தேன், போட்டுப் பார்த்தேன், அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சட்டைக்குள் நான் போக மீதி இடத்தை வாடகைக்கு விடலாம்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ "கடையில ஆள் நிக்குது" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இதை நீ மடித்து டிராயரில் போட்டாலும் உள்ளே கிடந்து பேசிக்கொண்டே இருக்கும்.

நான் எழுதி அனுப்பிய அளவு என்ன? இடுப்பு முப்பத்தெட்டு, மார்பு நாற்பத்திரண்டு. பக்கத்து வீட்டு நர்ஸை நிற்கவைத்து மூன்று தடவை அளந்து, கோடு போட்ட தாளில் எழுதி, அடிக்கோடும் போட்டு அனுப்பினேன். நீ தைத்தது இடுப்பு நாற்பத்தாறு, மார்பு ஐம்பது. கை தவறினால் அரை இஞ்ச் தவறும், சரி. எட்டு இஞ்ச் எப்படித் தவறும்? இருபத்தொன்பது வருஷமாக ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் கச்சிதமாகத் தைக்கிறவளுக்குக் கூடப் பிறந்தவளிடம் மட்டும் எட்டு இஞ்ச் தவறுமா?

நேற்று, திங்கட்கிழமை, எனக்கு என்ன நாள் என்று உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் எட்டு மாதம் கழித்து நான் மறுபடி பஸ் ஓட்டிய நாள். சீட் பெல்ட் மாட்ட முடியாமல், பயணிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இன்ஸ்பெக்டர் என்னை இறங்கச் சொன்னாரே, அன்றையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்த நாள். நூற்று நாற்பத்தொரு கிலோ. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இந்த அம்மாள் ஓட்டினால் ஆபத்து என்று டிப்போ மருத்துவர் எழுதிக் கொடுத்தார். தொலைந்த பொருள் கவுண்டரில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். குடை, டிபன் பெட்டி, ஒற்றைச் செருப்பு, நடுவில் நான்.

இன்றைக்கு எண்பத்துநான்கு. ஐம்பத்தேழு கிலோ போயிருக்கிறது. ஊசி போடவில்லை, வயிற்றைக் கிழித்துத் தைக்கவில்லை. டிப்போ வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்ற எழுநூறு அடி. முதல் நாள் பாதியில் பஸ் கழுவும் இடத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். இப்போது தினமும் பதினான்கு சுற்று, மழை பெய்தால் ஷெட்டுக்குள். கவுண்டர் டிராயரில் பிஸ்கட் இல்லை. டீ ஆறு குடித்தவள் இரண்டு குடிக்கிறேன், சர்க்கரை இல்லாமல். தட்டில் பாதி காய்கறி, ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு முன்னால், வீட்டுக்காரர் மிச்சம் வைத்தால் அது அவர் பாடு. பத்தியம் என்றால் முடிகிற நாள் ஒன்று உண்டு. இதற்கு முடிகிற நாள் கிடையாது. அது தெரிந்துதான் இறங்கினேன்.

மருத்துவர் ஒரு நிபந்தனையோடுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதல் வருஷம் முழுக்கத் தொண்ணூறு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுபடி கவுண்டர். அப்படி வாங்கிய சீட்டில் ஏற நான் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால், கைப்பிரேக்கில் சட்டை மாட்டுகிறது. மேலாளர் எல்லார் முன்னாலும் "என்னம்மா, யார் சட்டையையோ மாத்திப் போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் போய் நான்கு இடத்தில் ஊக்குக் குத்திக்கொண்டு வந்து வண்டியை எடுத்தேன்.

டிப்போவில் சீருடைத் துணிதான் கொடுப்பார்கள், தைத்துக்கொள்வது நம் பாடு. அடுத்த துணி இரண்டு வருஷம் கழித்துத்தான். என்ன நினைத்து இப்படித் தைத்தாய் என்று எனக்கு எழுத்தில் வேண்டும்.

தங்கை

—

மார்ச் 12

அடி சின்னவளே,

ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஓட்டல்காரர் ஒருத்தர் அறுபது சீருடை கொடுத்துவிட்டு கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார், உனக்காக வெள்ளைத் தாள் வாங்கப் போக நேரமில்லை.

எழுத்தில் வேண்டுமா? எடுத்துக்கொள். கை தவறவில்லை. தெரிந்துதான் தைத்தேன்.

என் கடைக்கு உன்னைப் போல எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் தெரியுமா? வங்கியில் வேலை பார்க்கிற அம்மாள் ஒருத்தி. ஐந்தே மாதத்தில் பாதியாகி வந்தாள். வாயெல்லாம் பல். அலமாரியில் இருந்த அத்தனையும் கொண்டுவந்து கொட்டி, "பிடிச்சுத் தைங்க, மிச்சத் துணிய வெட்டி எறிஞ்சிடுங்க, இனிமே எனக்கு அது வேணாம்" என்றாள். நானும் மடத்தனமாக வெட்டினேன். எட்டாவது மாதம் அதே பையோடு வந்து நின்றாள். பிரித்துவிட உள்ளே துணி இல்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றையிலிருந்து யார் சொன்னாலும் நான் துணியை வெட்டுவதில்லை. உள்ளே மடித்துத்தான் விடுவேன். உனக்கு மடித்தும் விட்டேன், கொஞ்சம் தாராளமாகவும் தைத்தேன். நாளைக்கு நீ வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது பார், அதற்காக.

போட்டோ அனுப்பினேன் என்பாய். போட்டோவைக் கொண்டுவந்து "இதே மாதிரி தைங்க" என்கிறவர்களிடம் நான் தினமும் அனுபவிக்கிறேன். போட்டோவில் எல்லாரும் ஒல்லிதான்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் வீட்டுக்கு வந்தாய். விடிகாலை எழுந்து சமைத்தேன். என் மாமியார், நாத்தனார், அத்தான் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது தட்டை நகர்த்தி, "இதெல்லாம் எனக்கு விஷம்க்கா" என்றாய். கை நனைக்காமல் எழுந்து போனாய். என் நாத்தனார் இன்றைக்கும் நான் எதைப் பரிமாறினாலும் "விஷம் இல்லையே" என்று கேட்டுச் சிரிக்கிறாள். அது உனக்குத் தெரியுமா?

அதோடு விட்டாயா? உங்கள் டிப்போவில் ஆரோக்கியக் கூட்டம் என்று ஒன்று நடத்தி, உன்னை மேடையில் ஏற்றினார்களாம். அங்கே நீ பேசியதை யாரோ போனில் பிடித்து, அது ஊர் சுற்றி, என் கடையில் காஜா எடுக்க வந்த பெண் என்னிடமே காட்டுகிறாள். "எங்க அக்கா பாசமா போட்டுப் போட்டே என்ன இப்படி ஆக்கிட்டா, பாசத்தாலயும் ஆளைக் கொல்லலாம்" என்கிறாய். கூட்டம் கை தட்டுகிறது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இது உங்க தங்கச்சிதானே?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஊட்டியா விட்டேன்? வருஷத்துக்கு ஒரு தடவை நான்கு நாள் வருகிறவளை நான் எப்படி நூற்று நாற்பது கிலோ ஆக்கினேன்? அந்தக் கணக்கை மேடையில் சொன்னாயா?

சட்டை பெரிதாக இருந்தால் அங்கேயே யாரிடமாவது கொடுத்துப் பிடித்துக்கொள். உள்ளே இருக்கிற துணியை மட்டும் வெட்ட விடாதே.

அக்கா

—

மார்ச் 23

அக்கா,

வேறு தையல்காரியிடம் கொடுக்க எடுத்துக்கொண்டு போனேன். வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அக்கா தைத்ததில் இன்னொருத்தி கத்தரி வைப்பதா என்று பாழாய்ப்போன ரோஷம். அந்த ரோஷம் எனக்கு ஏன் வந்தது என்று நினைத்தால் இன்று வயிறு எரிகிறது.

ஏன் என்று சொல்கிறேன். சட்டையைத்தான் கொடுக்கவில்லை, என் பழைய நீலக் கோட்டையாவது நானே பிரித்துச் சின்னதாக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஞாபகம் இருக்கிறதா? நீ தைத்துக் கொடுத்தது. ஏழு வருஷம் குளிரிலும் மழையிலும் போட்டேன். உள் லைனிங்கைப் பிரித்தேன். பக்கத் தையலைப் பார்த்தேன். ஒரு தையல் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வரிசை ஊசி ஓட்டை. ஒவ்வொன்றும் முந்தினதுக்கு ஒரு விரல் வெளியே. கைக்கு அடியில் அகலம் கூட்ட ஒட்டுத் தைத்த ஒரு பட்டை. அதுவும் ஒரே நிறம், ஒரே துணி. நான் அதை மாடல் என்று நினைத்தேன். அதே துணித் தானிலிருந்து முன்கூட்டியே கிழித்து எடுத்து வைத்திருந்தாய் என்றால், முதல் நாளே முடிவு செய்துவிட்டாய் என்று அர்த்தம். இவள் ஊதப்போகிறாள், நாம் தயாராக இருப்போம் என்று.

நான்கு தடவை. எந்த நான்கு என்றுகூட எனக்குத் தெரியும். வந்து இறங்கியதும் "பட்டன் ஆடுது பாரு, கழட்டிக் குடு" என்பாய். காலையில் மடித்துக் கொடுப்பாய். பட்டன் ஆடவே இல்லை, இல்லையா?

அந்த ஏழு வருஷத்தில் நான் தொண்ணூற்றாறிலிருந்து நூற்று நாற்பத்தொன்று போனேன். யாராவது, "கொஞ்சம் போட்டுட்டீங்க போல" என்றால் நான் என்ன சொல்வேன் தெரியுமா? கோட்டைத் தட்டிக் காட்டி, "அதே கோட்டுதான் இன்னும் சரியா இருக்கு, நான் அப்படியேதான் இருக்கேன்" என்பேன். அதை நம்பினேன். எடை மெஷின் பொய் சொல்லும், கண்ணாடி பொய் சொல்லும், அக்கா தைத்த கோட்டு பொய் சொல்லாது என்று நம்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ என்னையே எனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டாய்.

எனக்கு நீ டேப் வைத்ததே கிடையாது. "உன் அளவு எனக்குத் தெரியாதா" என்பாய். அதைப் பாசம் என்று பெருமைப்பட்டேன்.

ஒரே ஒரு தடவை, இரண்டாவது தடவையிலாவது, "இந்தக் கோட்டு உனக்குப் பத்தல" என்று சொல்லியிருந்தால் நான் நூற்றுப் பத்தில் நின்றிருக்கலாம். பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்க மாட்டார்கள். இரண்டு வருஷம் எட்டு மாதம் ஒற்றைச் செருப்புக்குக் காவல் இருந்திருக்க மாட்டேன்.

மேடையில் பேசியதற்கு வருத்தப்படுகிறாய். இப்போது சொல்கிறேன், மேடையில் நான் பாதிதான் பேசினேன். மீதி அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தங்கை

—

ஏப்ரல் 9

சின்னவளே,

இரண்டு வாரமாக எழுத உட்கார்வதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன். அத்தான், "ரெண்டு பேருக்கும் தபால்காரன்தான் மத்தியஸ்தமா?" என்று கேட்கிறார். அவருக்கு விளையாட்டு.

ஆமாம். நான்கு தடவை பிரித்தேன். கைக்கு அடியில் பட்டை வைத்தேன். துணியும் முன்னாலேயே எடுத்து வைத்தேன். பட்டன் ஆடவில்லை. போதுமா?

இப்போது உனக்கு மறந்துபோனதை நான் சொல்கிறேன். உனக்கு இருபத்திரண்டு வயது. முதல் நேர்காணலுக்கு உடை வாங்கப் பெரிய கடைக்குப் போனோம். மூன்றாவது மாடி. அந்த விற்பனைப் பெண் உன்னை மேலும் கீழும் பார்த்து, "உங்க சைஸுக்கு இங்க ஒண்ணும் இல்லீங்க, கீழ திரை, ஜமுக்காளம் பகுதியில கேட்டுப் பாருங்க" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவளோடு சண்டைக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. படியில் இறங்கி ஓடிவிட்டாய்.

வீட்டுக்கு வந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாய். மூன்று நாள். நேர்காணலுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் நான் டேப்பை எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் வந்து, "எழுந்திரு, நான் தச்சுத் தரேன்" என்றேன். நீ டேப்பைப் பிடுங்கி எறிந்தாய். "இனிமே எனக்கு யாரும் டேப் வைக்கக் கூடாது. என் காதுல எந்த நம்பரும் விழக் கூடாது. நீயும் சொல்லாத. சத்தியம் பண்ணு" என்றாய். பண்ணினேன். உன் தலையில் கை வைத்துப் பண்ணினேன்.

அதற்கப்புறம் நான் உன்னை எப்படி அளந்தேன் என்று தெரிய வேண்டுமா? பஸ் நிலையத்தில் வந்து இறங்கியதும் கட்டிப் பிடிப்பேனே, அதுதான். என் இரண்டு கையும் உன் முதுகில் எங்கே சந்திக்கின்றன என்று பார்ப்பேன். முதலில் விரலோடு விரல் கோத்தது. அப்புறம் நுனி நுனியைத் தொட்டது. கடைசியாக வந்தபோது நடுவில் ஒரு சாண் இருந்தது. நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்து அழுதேன். நீ உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாய்.

சொல்லியிருக்கலாம் என்கிறாய். நீ மனுஷியாக ஏழு வருஷம் தினமும் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய், நான்கு பேருடன் சிரித்தாய், கல்யாணம் பண்ணினாய், குடும்பம் நடத்தினாய். அந்தக் கோட்டு இல்லாவிட்டால் சுவர் பக்கம்தான் படுத்திருப்பாய். எனக்கு அது தெரியும். உன்னை எடை மெஷினில் ஏற்றிய மருத்துவர் சொல்லவில்லையா? கூடவே படுத்து எழுந்தவர் சொன்னாரா? படி ஏறினால் இரைக்கிறதே, உன் மூச்சு உனக்குச் சொல்லவில்லையா? ஊரே வாயை மூடிக்கொண்டிருக்க, என் ஊசி ஒன்றைத்தான் கூண்டில் ஏற்றுவாயா?

நீ கேட்டதைத்தான் நான் செய்தேன். இருபத்தோரு வருஷம் சத்தியத்தைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த பெயர் கொலைகாரி.

இனி நானாக எழுத மாட்டேன்.

அக்கா

—

செப்டம்பர் 16

அக்கா,

ஐந்து மாதம் ஆகிவிட்டது. நீ எழுத மாட்டேன் என்றாய், நானும் என்ன குறைச்சல் என்று இருந்துவிட்டேன். இப்போதும் கோபம் தீர்ந்து எழுதவில்லை. கோபம் இருக்கிறது. அதில் பாதியை வைக்க வேறு இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சுவர் பக்கம் படுத்தது ஞாபகம் இருந்தது. சத்தியம் வாங்கியது சுத்தமாக மறந்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்தபின் ஒவ்வொன்றாக வந்தது. டேப் போய் அலமாரிக்கு அடியில் விழுந்தது, நீ குனிந்து எடுத்தது எல்லாம். நான்தான் கேட்டேன். சரி. ஆனால் இருபத்திரண்டு வயதுக்காரி அழுதுகொண்டு கேட்டதை நாற்பது வயதுவரை காப்பாற்றுவார்களா? நடுவில் ஒரு நாள், "ஏன்டி, அந்தச் சத்தியம் இன்னும் வேணுமா?" என்று கேட்க உனக்கு வாய் வரவில்லையா?

மேடை விஷயம். கை தட்டுக்கு ஆசைப்பட்டு உன்னை விற்றேன். தப்பு. தட்டை நகர்த்தினேனே, அதில் தப்பில்லை. சொன்ன வார்த்தை தப்பு. உன் நாத்தனாரிடம் நானே சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் சட்டையில் ஊக்குக் குத்திப் போட்டேன் என்றேனே. பேண்ட்டிலும் அதேதான், இடுப்பில் இரண்டு பக்கமும். ஜூன் மாதம் புது வழித்தடம் கொடுத்தார்கள். இரண்டு வேளைப் பணி, நடுவில் மூன்று மணி நேரம் சும்மா. கேன்டீன் எதிரிலேயே. முதல் வாரம் டீ மட்டும். அடுத்த வாரம் டீக்கு ஒரு துணை. நடை பதினான்கு சுற்றிலிருந்து எட்டானது, எட்டு நான்கானது, கால் வலி என்று ஒரு வாரம் நின்றது. ஒரு நாளில் விழவில்லை அக்கா. ஒரு நாளில் விழுந்திருந்தால் எழுந்திருப்பேன்.

ஜூலையில் ஒருநாள் ஊக்கு குத்தியது. கொஞ்சம் தள்ளிக் குத்தினேன். "துணி சுருங்கிடுச்சு போல" என்று நானே சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டில் மறுபடி தள்ளினேன். அப்புறம் ஒரு பக்க ஊக்கையே எடுத்துவிட்டேன். நல்ல வசதியாக இருந்தது. எட்டு இஞ்ச் இடம் இருக்கிறதே, எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். தள்ளியது ஞாபகமே இல்லை.

போன வெள்ளிக்கிழமை கண்ணாடி முன்னால் நின்று மிச்சமிருந்த ஊக்கை வெளியே நகர்த்தும்போதுதான் என் கையை நானே பார்த்தேன். உன் கை மாதிரியே இருந்தது. நீ ராத்திரி செய்ததை நான் பட்டப்பகலில் செய்துகொண்டிருக்கிறேன். மெஷினை இழுத்து ஏறினேன். தொண்ணூற்றிரண்டு.

நவம்பர் இருபத்துநான்காம் தேதி மருத்துவப் பரிசோதனை. தொண்ணூறைத் தாண்டினால் என்ன என்று உனக்குத் தெரியும். மறுபடி குடையும் செருப்பும். இந்தத் தடவை திரும்பக் கூப்பிட மாட்டார்கள். எனக்கு வயது நாற்பத்து மூன்று. அந்தச் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது.

வழித்தடத்தை மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி சுற்றுகிறேன், இப்போது ஒன்பது சுற்று. கேன்டீன் பக்கம் போவதில்லை. அதை நான் பார்த்துக்கொள்வேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். சட்டையையும் பேண்ட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முப்பத்தெட்டுக்குப் பிடி. உள்ளே இருக்கிற துணியை வெட்டு. மடித்து வைக்காதே, வெட்டு. எனக்குத் திரும்பிப்போக இடம் விடாதே. அன்று உன்னிடம் வாங்கிய சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன்.

சுவர் பக்கம் படுக்க மாட்டேன். படுத்தாலும் அது என் பாடு.

தங்கை

—

அக்டோபர் 1

அடி சின்னவளே,

பார்சலைப் பிரித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். ஜூன் மாதம் ஆரம்பித்ததை செப்டம்பரில் எழுதுகிறாய். ரோஷம் எதற்குப் பட வேண்டுமோ அதற்குப் பட மாட்டாய். நான் எழுத மாட்டேன் என்றால் நீயும் எழுதாமல் இருந்துவிடுவதா? சின்ன வயதில் நான் பேச மாட்டேன் என்றால் மூன்று நிமிஷத்தில் வந்து கிள்ளுவாயே, அந்தப் புத்தி எங்கே போனது?

ஊக்குக் குத்திய இடமெல்லாம் பார்த்தேன். நான்கு வரிசை. முதல் வரிசையில் துரு படிந்திருக்கிறது, அங்கே அதிக நாள் இருந்திருக்கிறாய். அடுத்த இரண்டும் சும்மா தொட்டுவிட்டுப் போனவை. எனக்கு நீ எழுதியே இருக்க வேண்டாம், சட்டையை மட்டும் அனுப்பியிருந்தால் போதும். உன் கோட்டைப் பிரித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் செய்தது தப்புதான். சத்தியம் பண்ணியது தப்பில்லை. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டது தப்பு. உன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதற்கு உன் தலையைச் சாக்காக வைத்துக்கொண்டேன். எழுதிவிட்டேன். இதை இன்னொரு தடவை எழுதச் சொல்லாதே.

இப்போது கேட்டுக்கொள். கடைசி வரிசை ஊக்கை வைத்து அளந்தேன். உன் இடுப்பு இன்றைக்கு நாற்பத்தொன்றரை. இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக உனக்கு உன் எண்ணைச் சொல்கிறேன். நாற்பத்தொன்றரை. கை நடுங்கவில்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

நீ முப்பத்தெட்டு கேட்கிறாய். தைக்க மாட்டேன். மார்ச் மாதம் நீ முப்பத்தெட்டாக இருந்தாய், நான் நாற்பத்தாறு தைத்தேன், அது என் பொய். இப்போது முப்பத்தெட்டு தைத்தால் பட்டன் எட்டாது, நீ அழுதுகொண்டு அதை அலமாரியில் தொங்கவிட்டு, ஏதாவது தொளதொள சட்டையைத் தேடுவாய். அது உன் பொய். இரண்டும் வேண்டாம். இரண்டையும் முப்பத்தொன்பதரைக்குத் தைத்திருக்கிறேன். இன்றைக்குப் போட்டால் மூச்சு முட்டும். நீ சொன்ன வேலையைச் செய்தால் நவம்பரில் பட்டன் ஏறும். செய்யாவிட்டால் ஏறாது. எந்தக் கோட்டும் இடையில் வந்து உன்னைச் சமாதானப்படுத்தாது.

உள்துணியை வெட்டிவிட்டேன். கால் இஞ்ச்தான் விட்டிருக்கிறேன், அதற்குக் குறைத்தால் தையல் நிற்காது. வங்கிக்காரம்மாளுக்கு அப்புறம் நான் யாருக்கும் வெட்டியதில்லை என்று உனக்குத் தெரியும். உனக்கு வெட்டினேன். வெட்டியதைக் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி பிரித்துவிட அதில் ஒன்றும் இல்லை. மறுபடி ஊதினால் நடுவழியில், பயணிகள் முன்னால், பின்பக்கம் கிழியும். அப்போது என்னிடம் வந்து நிற்காதே.

இல்லை, வா. அழுவதற்கு வா. துணியை எடுத்துக்கொண்டு வராதே.

அக்கா

—

நவம்பர் 25

அக்கா,

சட்டை வந்த அன்று பட்டன் ஏறவில்லை. மூன்றாவது பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவில் இரண்டு விரல். உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டுக்காரர் பக்கத்து அறையிலிருந்து "யாரோட சண்டை?" என்றார். "தையல்காரியோட" என்றேன். பட்டன் ஏறும்வரை சீருடை இல்லாமல் பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டு ஓட்டினேன், மேலாளரிடம் அபராதச் சீட்டு வாங்கினேன். எத்தனை சீட்டு என்று கேட்காதே.

தினமும் காலையில் நடை முடித்து வந்து அதைப் போட்டுப் பார்ப்பேன். ஒரு விரல் ஆனது. அரை விரல் ஆனது. இரண்டு வாரம் அந்த அரை விரலிலேயே நின்றது. அப்போதுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. வெந்நீரில் போட்டுப் பிழிந்து இழுத்தால் துணி கொடுக்குமா என்று யோசித்தேன். உன் தையல் கொடுக்காது என்று தெரிந்து விட்டுவிட்டேன். நவம்பர் பன்னிரண்டாம் தேதி பட்டன் ஏறியது. உட்கார்ந்தேன். தெறிக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் அன்றைக்கு முதல் வண்டியை எடுத்தேன்.

நேற்றுப் பரிசோதனை. எண்பத்தெட்டு கிலோ முந்நூறு கிராம். மருத்துவர் தாளைப் பார்த்து, "நடுவுல ஏறியிருக்கீங்க போல" என்றார். மறைக்கவில்லை. "தொண்ணூத்திரெண்டு வரைக்கும் போனேன் சார்" என்றேன். "அப்புறம் எப்படி இறங்குச்சு?" என்று கேட்டார். "எங்க அக்கா என் நம்பரச் சொன்னா" என்றேன். அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். மே மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

நன்றி எல்லாம் சொல்ல மாட்டேன். ஏழு வருஷக் கோட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் மறுபடி ஏறலாம் அக்கா. இது முடிகிற வேலை இல்லை என்று நானே பெருமையாக எழுதினேன், எழுதிய நான்கு மாதத்தில் விழுந்தேன். இன்னொரு தடவை விழுந்தால் என் கண் எனக்குத் தெரியாமல் மூடிக்கொள்ளும், அதற்கு நல்ல பழக்கம் இருக்கிறது. உன் கண் மூடக் கூடாது.

டிசம்பர் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை வருகிறேன். மூன்று நாள் விடுப்பு. உன் நாத்தனாரையும் வரச் சொல், அவளுக்கு நான் தர வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. எனக்குச் சோறு ஒரு கரண்டி போதும். டேப்பை எடுத்து வை.

தங்கை